புரோமீன் சேர்ந்த சேதனச் சேர்வைகளை இனம்பிரித்தல்

கமக்காரர் அறிந்த பீடைகொல்லிகள் சிலவற்றிற் புரோமீன் என்னும் மூலகம் உண்டு. அதுபற்றி அவையனைத்தையும் ஒரே இனமெனக் கொள்ளுதல் பிழையாகும். சேதனச் சேர்வையொன்றின் இனத்தை முதலிற் காட்டுவது அதன் காபன் அணுக்கள் தொடுக்கப்பட்டுள்ள முறையேயாம்.

இதனை எள்ளைக் கொண்டு விளக்கலாம். நல்லெண்ணெயிற் செசமின் என்னும் பொருளுண்டு. அதன் மூலக்கூற்றிற் காபன் 20, ஐதரசன் 18, ஒட்சிசன் 6 அணுக்கள் உள. அது இலிக்னன் இனத்தைச் சேர்ந்தது. ஆறு காபன்கொண்ட ஒரு வளையமும், அதனோடு தொடுத்த மூன்று காபன்கொண்ட ஒரு வாலும் சேர்ந்தது ஓர் அலகு. அத்தகைய அலகுகள் இரண்டு வாலின் நடுக்காபன்களில் இணையும்போது இலிக்னன் உண்டாகும். செசமினில் எஞ்சும் இரு காபன்களும் வளையங்களின் ஓரத்தில் ஒட்சிசனுக்கிடையே அமைந்துள்ளன. இதே வகை அலகுகள் பெருந்தொகையாகப் பிணைந்ததே இலிக்னின். வைக்கோல் விரைவில் உக்காமைக்கு அதுவும் ஒரு காரணம்.

செசமினைப் புரோமீனோடு தாக்கமுறச் செய்தால், வளையம் ஒவ்வொன்றிலும் ஓர் ஐதரசன் நீங்க, அவ்விடத்தைப் புரோமீன் பற்றிக்கொள்ளும். இவ்வாறு பெறுவது இருபுரோமோசெசமின். அதன் நிறையிற் பத்தில் மூன்று பங்கு புரோமீனேயாயினும், காபன் கூடு மாறவில்லை. ஆகவே அது இலிக்னனே. புரோமீன் வளையத்தில் நேராகப் பிணைந்திருத்தலால், அரோமற்றிக்குப் புரோமைட்டு என்னும் வகுப்பிலும் அதனைச் சேர்ப்பர். ஒருவரை ஊராலும் தொழிலாலும் அழைப்பது போன்றது இது. இச்சேர்வை வயலுக்குரிய மருந்தன்று. உதாரணமாகவே இங்கு கூறினோம்.

இனி, கமத்தோடு தொடர்புடையவற்றை நோக்குவோம். மெதயில் புரோமைட்டு ஒரே காபனையுடைய நச்சுவாயு. களஞ்சியத் தானியத்துக்கும் நாற்றுமேடை மண்ணுக்கும் புகையூட்ட அது முன்னர் உதவிற்று. ஓசோன் படையைச் சிதைப்பதால், மொன்றியல் உடன்படிக்கையின்படி வளர்முக நாடுகளில் 2015 இல் அது விலக்கப்பட்டது. தொற்றுநீக்கக் காப்புக்கும் ஏற்றுமதிக்கு முந்திய புகையூட்டலுக்கும் விலக்களிப்பு உண்டு. தெல்தாமெத்திரின் என்னும் பூச்சிகொல்லியின் பெயரிற் புரோமீனின் சாடையேயில்லை. எனினும் அதில் இரு புரோமீன் அணுக்கள் உள. பைரீத்திரப் பூவின் நஞ்சைப் பின்பற்றி ஆக்கிய இனம் அது. புரொபெனோபொசு புரோமீனையும் பொசுபரசையும் உடையது. அது சேதனப் பொசுபரசு இனம். எலி நஞ்சாகிய புரோமடியோலோன் கூமரின் இனம்.

இவ்வேறுபாடு ஏட்டளவிலானதன்று. சேதனப் பொசுபரசு நஞ்சு நரம்புகளைத் தாக்கும். அதற்கு வைத்தியர் அத்திரோப்பீன் கொடுப்பர். புரோமடியோலோன் குருதி உறைவதைத் தடுக்கும். அதற்கு மாற்று விற்றமின் கே. எலி நஞ்சின் குறிகள் சில நாள் கழிந்தே தோன்றக்கூடும். ஆதலால் எவரேனும் நஞ்சுண்டாலோ, தெளிக்கும்போது மயங்கினாலோ, அவரை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. பெயர்ச்சுட்டியோடு கூடிய கொள்கலத்தையும் உடன் கொண்டுசென்று வைத்தியரிடம் காட்டுக.