பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி: அமெச்சூர் கார் பந்தயத்தில், 'இன்ஜின் கம்ப்யூட்டரை மாற்றக் கூடாது' என்று ஒரே வரியில் விதி போட்டால் என்ன?

பதில்: போடலாம், சோதிப்பது யார்? பானெட்டைத் திறந்தால் கார்புரேட்டர் கண்ணுக்குத் தெரியும், சிப்பில் எழுதியிருப்பது தெரியாது. அமெரிக்காவின் எஸ்.சி.சி.ஏ. என்ற கார் பந்தய அமைப்பின் 'இம்ப்ரூவ்டு டூரிங்' பிரிவில், கம்பெனி கொடுத்த கம்ப்யூட்டர் பெட்டி மாறாதவரை உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்றார்கள். காசுள்ளவர்கள் விலையுயர்ந்த பந்தய கம்ப்யூட்டரையே அந்தப் பெட்டிக்குள் திணித்துவிட்டார்கள்! மற்றவர்கள் சிப்பை மாற்றுவதோடு நின்றார்கள். பிறகு அந்தக் கட்டுப்பாட்டையே தளர்த்த வேண்டியதாயிற்று. ஃபார்முலா ஒன், 2008-ல் எல்லாருக்கும் ஒரே கம்ப்யூட்டர் என்று முடித்துக்கொண்டது. பலதரப்பட்ட பழைய கார்கள் ஓடும் இடத்தில் அது நடக்காது. என்னைக் கேட்டால், கம்ப்யூட்டரை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டு, இன்ஜினுக்குக் காற்று போகும் வாயில், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் ரெஸ்ட்ரிக்டர் வளையம் மாட்டச் சொல்வேன். அதை அளக்க ஒரு வெர்னியர் போதும்.