தறியைக் கேட்டு வீட்டைக் கட்டு!

(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு மாணவி)



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். கல்யாணத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. வீட்டைப் பற்றி இந்த ஒரு வருஷத்தில் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். புதிதாகக் கட்டவில்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் உள்ள எங்கள் பழைய ஓட்டு வீட்டைப் புதுப்பித்தோம். அதில் நான் செய்த தவறுகளையும், மேஸ்திரியும் ஆசாரியும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததையும், சில இடங்களில் நம் புத்தகம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததையும் இங்கே எழுதுகிறேன். நாளைக்கு நாமும் இதே வேலைக்குத்தானே போகப் போகிறோம்!

எங்கள் வீடு

நாங்கள் பட்டு நெசவுக் குடும்பம். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். வீட்டின் முகப்பு 14 அடி, நீளம் 60 அடி. முன்னால் திண்ணை, அடுத்து 18 அடிக்கு 12 அடி தறிக்கூடம், நடுவில் சின்ன முற்றம், அதன் பின்னால் சமையல்கட்டு. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு சேர்ந்த பொதுச்சுவர். எங்கள் தெருவில் பெரும்பாலும் எல்லா வீடும் இப்படித்தான்.

ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, தறியில் இருந்த பாவு நனைந்துவிட்டது. பட்டு நனைந்தால் என்ன நஷ்டம் என்று நெசவாளி வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கே அப்பா முடிவு செய்துவிட்டார். அம்மாவின் நகையை அடகு வைத்து, சொந்தக்காரர்களிடமும் கொஞ்சம் கடன் வாங்கினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "பிளான் நீயே போடும்மா. தறி இருந்தா இருக்கட்டும், இல்லேன்னா போவட்டும். நீ படிச்சவ, பார்த்துப் போடு" என்றார்.

எனக்கு ஒரே பெருமை! மூன்று இரவு விழித்து வரைந்தேன். வீடு முழுக்க ஆர்.சி.சி. ரூஃப். தேசியக் கட்டட விதித்தொகுப்பு அறையின் உயரம் குறைந்தது 2.75 மீட்டர் என்கிறது, அதாவது 9 அடிதான். நான் தாராளமாக 9 அடி 6 அங்குலம் கொடுத்தேன். கூடத்து மூலையில் மாடிப்படி. தறிக்கு ஒரு செவ்வகம் போட்டு "தறி" என்று அழகாக எழுதினேன்.

மூன்று கேள்விகள்

எங்கள் மேஸ்திரி மாமா எட்டாவது வரை படித்தவர். பிளானைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாப்பா, தறி எங்க?"

"இதோ மாமா."

"இது குழிம்மா, தறி இல்ல. பாவு எதுவரிக்கும் போவுது? பெட்டி இன்னா ஒசரம்? உங்கம்மா எங்க குந்துவாங்க?"

மூன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. பதினெட்டு வருஷம் அந்தத் தறிச் சத்தத்தில் தூங்கி எழுந்தவள் நான். ஒரு நாள்கூட டேப் வைத்து அளந்ததில்லை! அன்று மாலை அளந்தேன்.

ஒன்று, நீளம். அப்பா உட்காரும் இடத்திலிருந்து பாவை இழுத்துக் கட்டும் கம்பம் வரை 15 அடி. என் செவ்வகமோ 5 அடி.

இரண்டு, உயரம். தறியின் மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியின் தலை 10 அடி 2 அங்குலத்தில் இருந்தது. அது தூக்கி இறங்கவும், அட்டை மாற்றக் கை நுழையவும் அதற்கு மேல் இன்னும் ஒன்றரை அடி வேண்டும். என் ரூஃபோ பெட்டியின் தலைக்கும் கீழே இருந்தது!

மூன்று, பக்கம். காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் பின்னிச் சேர்க்க மூன்று நாடா ஓட வேண்டும். ஒருவரால் ஆகாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து அந்தக் கரை நாடாவைப் போட்டுக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது அம்மா. அவர் உட்கார இரண்டரை அடி இடம் தேவை. அந்த இரண்டரை அடியில்தான் நான் மாடிப்படியை வரைந்திருந்தேன்.

விதித்தொகுப்பில் தவறு இல்லை. அது மனிதர் குடியிருக்கும் அறைக்குச் சொன்ன அளவு. எங்கள் கூடத்தில் மனிதரோடு ஒரு தறியும் குடியிருக்கிறது. அதை நான்தான் விதித்தொகுப்பிடம் சொல்லவில்லை.

பழைய பிளானைக் கிழித்துவிட்டுப் புதியது போட்டோம். தறிக்கூடத்துக்கு ஓட்டுக் கூரையே இருக்கட்டும், ஏனென்றால் முகட்டில் உயரம் தானாகவே கிடைக்கிறது. பின்கட்டுக்கு மட்டும் ஆர்.சி.சி. மாடிப்படி முற்றத்துக்குப் போய்விட்டது.

ஆசாரி சொன்ன பாடம்

ஓட்டைப் பிரித்ததும் ஆசாரி ஐயா ஒவ்வொரு கைமரத்தையும் உளியால் குத்திப் பார்த்தார். "நடுவுல நல்லாத்தான் இருக்கும். சுவத்துல போற முனையைப் பாரு" என்றார். அவர் சொன்னபடியே சுவருக்குள் புதைந்த முனைகள்தான் ஈரம் குடித்து உளுத்திருந்தன. மொத்தம் 22 கைமரங்களில் 7 மட்டும் மாற்றினோம். எல்லாவற்றையும் மாற்றச் சொல்லி எழுதியிருந்தேன் நான்.

ஓட்டுக்குச் சாய்வுதான் உயிர். சாய்வு குறைந்தால் மழைநீர் வேகமாக ஓடாது, ஓட்டின் இடுக்கில் பின்வாங்கி உள்ளே இறங்கும். எங்கள் கூரை ஒழுகியதற்கும் அதுதான் காரணம். ஒரு உத்திரம் தொய்ந்து, நடுவில் சாய்வு குறைந்திருந்தது. ஓட்டை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த ஐப்பசியிலும் ஒழுகியிருக்கும். வெளிச்சத்துக்கு நான்கு கண்ணாடி ஓடு போட்டோம், வடக்குச் சரிவில் மட்டும். நேர் வெயில் பட்டால் பட்டின் சாயம் மங்கும் என்று சொன்னது அப்பா.

குழியும் ஈரமும்

தரைக்கு டைல்ஸ், குழிக்குள் நீர்க்காப்புப் பூச்சு என்று நான் எழுதியிருந்தேன். அதுவரை எதிலும் தலையிடாத அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். "குழியைச் சிமென்ட்டால மூடிட்டா அது மூச்சு விடாதும்மா. அந்தக் குளிர்ச்சி இருந்தாத்தான் இழை அறுபடாது." மழைத் தண்ணீர் குழிக்குள் வரக் கூடாது, ஆனால் மண்ணின் குளிர்ச்சி வேண்டும். என்ன செய்வது? பக்கங்களுக்கு நாலரை அங்குலச் செங்கல் கட்டு. அடியில் மணல் பரப்பி, மேலே செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கினோம், பூச்சு இல்லை. குழியின் வாயைச் சுற்றி 3 அங்குல வரம்பு. குழியின் ஆழம் இரண்டரை அடி, சுவரின் கடைக்கால் 3 அடி. ஆகவே குழியால் சுவரின் அடிமண் சரிய வழியில்லை என்பதையும் பார்த்துக்கொண்டோம்.

கொத்தனாரிடம் கேட்டேன், ஆசாரியிடம் கேட்டேன். அப்பாவும் ஒரு தொழிலாளி, அவரிடமும் கேட்க வேண்டும் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

புத்தகம் ஜெயித்த இடங்கள்

எல்லாவற்றிலும் நான் தோற்றேன் என்று நினைக்காதீர்கள்!

முதலாவது, பழைய சுவர். அது சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர். மேஸ்திரி மாமா சிமென்ட் பூச்சு அடிக்கச் சொன்னார். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுத்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேலே சிமென்ட்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, பூச்சு பொரிந்து கொட்டும். இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. எங்கள் பேட்டையிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில்தான் கைலாசநாதர் கோயில். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மப் பல்லவன் கட்டியது. அங்கே அடிவரிசை கருங்கல், மேலே மணற்கல். கருங்கல் பாரம் தாங்கும், ஈரத்தை எளிதில் உறிஞ்சாது. "1,300 வருஷத்துக்கு முன்னாடியே தரையோட ஈரத்துக்குப் பயந்துதான் வேலை செஞ்சிருக்காங்க மாமா" என்றேன். சிரித்துவிட்டு மறுநாள் தன் சித்தப்பாவைக் கூட்டி வந்தார். எழுபது வயதுக்காரர். சுண்ணாம்பு 1, மணல் 3 என்று கலந்து, கடுக்காய்த் தண்ணீர் விட்டுப் பூசினார். இரண்டு இளம் கொத்தனார்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டார்கள்.

இரண்டாவது, பொதுச்சுவர். பின்கட்டு ரூஃப் 14 அடிக்கு 12 அடி, கனம் 5 அங்குலம். அதாவது 70 கனஅடி காங்கிரீட், எடை ஏறக்குறைய 5 டன். அதை அப்படியே பழைய பொதுச்சுவரில் உட்கார வைப்பதாக இருந்தார்கள். "எல்லாரும் அப்படித்தாம்மா பண்றாங்க." பக்கத்து வீட்டுச் சுவரிலும் நம் பாரம் ஏறுகிறதே! கணக்கைக் காட்டினேன். நான்கு பில்லர், மேலே பீம் என்று மாறியது. பில்லருக்குக் குழி தோண்டும்போது நான்கையும் ஒரே நாளில் திறக்கவில்லை. ஒன்றைத் தோண்டி, போட்டு, மூடிய பிறகே அடுத்தது. இது மேஸ்திரி மாமாவின் யோசனை. பழைய சுவருக்குப் பக்கத்தில் மண்ணைத் திறந்து போட்டுவிட்டு அவர் தூங்க மாட்டாராம்.

மூன்றாவது, காங்கிரீட். 1 : 1½ : 3 கலவை. அரை மணி நேரம் கணக்குப் போட்டு 16 மூட்டை சிமென்ட், 30 கனஅடி எம்-சாண்ட், 59 கனஅடி ஜல்லி என்றேன். அவர் ரூஃபை ஒரு பார்வை பார்த்து, "பதினாறு. ஒண்ணு சேர்த்து வெச்சுக்க" என்றார்! ஆனால் தண்ணீரில் மட்டும் நான் விடவில்லை. கலவை ஓட வேண்டும் என்பதற்காக வாளி வாளியாக ஊற்றுவது வழக்கம். இந்தக் கலவைக்கு ஒரு மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. போனால் அந்தத் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் நுண்துளையாகி, பலம் குறையும், கம்பி துருப்பிடிக்கும். அளவு வாளியோடு நானே நின்றேன். கம்பிக்குக் கீழே ஜல்லிக் கல்லை வைக்காமல் 20 மில்லிமீட்டர் கவர் கட்டை வைத்தோம்.

சென்ட்ரிங் பிரிப்பதில் இருவருமே விட்டுக்கொடுத்தோம். ஐ.எஸ். 456 படி நாலரை மீட்டருக்குள் அகலமுள்ள ரூஃபுக்கு முட்டுக்கட்டையை 7 நாளில் எடுக்கலாம். மாமா 21 நாள் என்றார். ஆனால் அந்த 7 நாள் சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டுக்குச் சொன்னது. நாங்கள் வாங்கியதோ சாம்பல் கலந்த பி.பி.சி. அது பலம் பிடிக்க நாளாகும். 14 நாளில் பிரித்தோம். அத்தனை நாளும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியது என் தம்பி.

நின்ற நாள் எத்தனை?

நெசவாளி வீட்டில் தறி நிற்கும் ஒவ்வொரு நாளும் கூலி இல்லாத நாள். ஆகவே வேலை வரிசைதான் பாதி வெற்றி. முதலில் பின்கட்டு. அது நடக்கும்போது முன்னால் தறி ஓடியது. பாவு முடிந்து கடைசிச் சேலையை அறுத்த மறுநாள்தான் கூடத்து ஓட்டைப் பிரித்தோம். தறி நின்றது 19 நாள். என் முதல் பிளானின்படி போயிருந்தால் இரண்டு மாதமாவது நின்றிருக்கும். அதற்குப் பிறகும் பெட்டியை மாட்ட உயரம் இருந்திருக்காது.

நண்பர்களே! நீங்கள் பிளான் போடப் போகும் வீடு எதுவானாலும் பென்சிலை எடுக்கும் முன் இவற்றைச் செய்யுங்கள்:

1. அந்த வீட்டில் என்ன வேலை நடக்கிறது, யார் எங்கே உட்காருகிறார்கள் என்று ஒரு நாள் முழுக்கப் பாருங்கள்.
2. நீளம், அகலத்தோடு உயரத்தையும் அளந்து எழுதுங்கள்.
3. எதை இடிக்கலாம் என்பதற்கு முன் எதை வைத்துக்கொள்ளலாம் என்று கேளுங்கள்.
4. பொதுச்சுவர் இருந்தால் பக்கத்து வீட்டாரிடம் முதலில் பேசுங்கள்.
5. தொழிலாளி "வழக்கம்" என்றால் காரணம் கேளுங்கள். புத்தகம் ஓர் எண்ணைச் சொன்னால் அதன் நிபந்தனையைப் படியுங்கள்.

இப்போது கூடத்தில் தறி ஓடுகிறது. எனக்குப் பிறகு அந்தக் குழியில் யார் இறங்குவார்கள் என்று சொல்ல முடியாது. தம்பிக்கு ஐ.டி.ஐ. ஆசை. எனக்கு இந்த வேலை. ஒருவேளை ஒரு நாள் அது மூடப்படலாம். ஆனால் அது எங்கள் வீட்டார் கூடி எடுக்கும் முடிவாக இருக்கட்டும். "படிச்சவ" போட்ட பிளானில் இடம் இல்லாமல் போனதால் மூடினார்கள் என்று இருக்க வேண்டாம்.

புதிய பிளானைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். தறிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டு "அம்மா, 2½ அடி" என்று எழுதியிருப்பதை விரல் வைத்துப் படித்தார். "என்னையும் அளந்துட்டியா?" என்று கேட்டார்.