பற்றரியை மாற்றுமுன் அளந்து பார்ப்போம்

விடியற்காலையில் கத்தரிக்காய் மூட்டையைச் சந்தைக்குக் கொண்டு செல்வதும், காய்ச்சல் கண்ட பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுவதும், தூரத்தில் உள்ள சொந்தக் காணியைத் துப்புரவு செய்யப் போய் வருவதும் இன்று பல குடும்பங்களில் ஒரேயொரு மோட்டார் சைக்கிளை நம்பியே நடைபெறுகின்றன. அது நின்றுவிட்டால் அன்றைய உழைப்பும் நின்றுவிடுகின்றது.

1990ஆம் ஆண்டுக்குப் பின் வடக்கிற்குப் பெற்றோலும் பற்றரிகளும் வராத காலத்தில், சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய மக்கள் நாம். 2020 மார்ச் மாதத்தில் நாட்டின் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் மீண்டும் தொடங்கியது. இடையில் 2022இல் கிழமைக்கு நான்கு லீற்றர் பெற்றோலுடன் ஓடிய நாட்களும் உண்டு. ஆகவே நம்மிடம் உள்ள பழைய வண்டிகளைப் பேணிக்காப்பது பொழுதுபோக்கு அல்ல. அது வாழ்க்கைச் செலவுடன் சம்பந்தப்பட்ட விடயம்.

வண்டி ஸ்ராட் ஆகவில்லை, ஹோர்ண் முனகுகின்றது என்றவுடன் "பற்றரி போய்விட்டது" என்று முடிவு கட்டுகிறோம். கடன் பட்டுப் புதிய பற்றரி போடுகிறோம். இரண்டு கிழமையில் அதுவும் இறங்கிவிடுகின்றது. பழுது பற்றரியில் இருக்கவில்லை. அதற்குச் சார்ஜ் கொடுக்கும் பகுதியிலோ, கறள் பிடித்த ஒரு வயரிலோ இருந்தது. இதனைப் பணம் செலவழிக்குமுன் கண்டறிய உதவும் கருவிதான் மல்ரிமீற்றர். பாடசாலைப் புத்தகங்கள் இதனைப் பல்மானி என்கின்றன. கடைகளில் கிடைக்கும் மிக மலிவான மீற்றரே இந்த வேலைக்குப் போதுமானது.

1. மூன்று அளவுகள்

தோட்டத்திற்கு நீர் இறைக்கும் நமக்கு மின்சாரத்தை விளங்கிக்கொள்வது கடினமன்று. தொட்டியில் நீர் எவ்வளவு உயரத்தில் நிற்கின்றதோ, அந்த அழுத்தத்தைப் போன்றது வோல்ற்று. குழாய் வழியே எவ்வளவு நீர் ஓடுகின்றதோ, அதைப் போன்றது அம்பியர். குழாயின் ஒடுக்கமும் அதில் அடைத்த பாசியும் நீரைத் தடுப்பதைப் போன்றது தடை. அதனை ஓமில் அளக்கிறோம். தொட்டி நிறைய நீர் இருந்தும் குழாய் அடைத்திருந்தால் பயிருக்கு நீர் போகாது. பற்றரி நன்றாக இருந்தும் வயர் முனையில் கறள் இருந்தால் விளக்கு எரியாது.

2. மீற்றரை அறிந்துகொள்வோம்

மலிவான மீற்றர்களில் நடுவே ஒரு திருகியும் ஓரத்தில் மூன்று துளைகளும் இருக்கும். பெரும்பாலானவற்றில் கீழ்த்துளை கறுப்பு வயருக்கும், நடுத்துளை சிவப்பு வயருக்கும் உரியவை. மேலே உள்ள 10 அம்பியர் துளையைப் பெரிய ஓட்டம் அளக்க மட்டுமே பயன்படுத்த வேண்டும். அந்தத் துளைக்குப் பல மலிவான மீற்றர்களில் பியூஸ் இல்லை.

நேர்கோடும் அதன் கீழ் புள்ளிக்கோடும் உள்ள அடையாளம் பற்றரியிலிருந்து வரும் நேரோட்டத்தைக் குறிக்கும். அலைபோன்ற கோடு மக்னெற் கொயிலிலிருந்து வரும் ஆடலோட்டத்தைக் குறிக்கும். 6 வோல்ற்று, 12 வோல்ற்றுப் பற்றரிகள் இரண்டையும் நேரோட்டத்தில் '20' என்ற இடத்தில் வைத்து அளக்கலாம். திரையின் இடது ஓரத்தில் '1' மட்டும் தெரிந்தால், அளக்கும் பொருள் அந்த எல்லைக்கு மேற்பட்டது என்பது கருத்து. தடை அளக்கும்போது இவ்வாறு வந்தால், கூடிய எல்லையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கும் '1' வந்தால் வயர் அறுந்துள்ளது எனக் கொள்ளலாம்.

மீற்றருக்குள் உள்ள 9 வோல்ற்றுப் பற்றரி இறங்கினால் மீற்றரே பிழையான எண்ணைக் காட்டும். புதிய ரோர்ச் பற்றரி ஒன்றை இடைக்கிடை அளந்து பாருங்கள். 1.5 அல்லது 1.6 வோல்ற்று அளவில் காட்டினால் மீற்றரை நம்பலாம்.

3. முதற் பாடம்: பற்றரி

வண்டியை நிறுத்தி, ஓர் இரவு கழிந்தபின் அளப்பது சிறந்தது. ஓடி வந்தவுடன் அளந்தால் எண் கூடுதலாகக் காட்டும். சிவப்பு முனையைப் பற்றரியின் நேர் முனையிலும், கறுப்பு முனையைக் கழித்தல் முனையிலும் வையுங்கள். 12 வோல்ற்றுப் பற்றரிக்கான அளவுகள் இவை:

12.6 அல்லது அதற்கு மேல் – நிறைந்துள்ளது.
12.4 – முக்கால் பங்கு உள்ளது.
12.2 – அரைப்பங்கு உள்ளது.
12.0 – காற்பங்கே உள்ளது.
11.9இற்குக் கீழ் – வெறுமையானது. உடனே சார்ஜ் செய்ய வேண்டும்.

6 வோல்ற்றுப் பற்றரிக்கு இவற்றின் பாதியைக் கொள்ளுங்கள்.

அடுத்து, திறப்பைப் போட்டு ஹோர்ணை அழுத்தியபடி எண்ணைக் கவனியுங்கள். 11இற்குக் கீழ் விழுந்தால் பற்றரி நலிந்துள்ளது அல்லது இறங்கியுள்ளது. செல்ப் ஸ்ராட் உள்ள வண்டியில் ஸ்ராட் பொத்தானை அழுத்தும்போது 9.5இற்குக் கீழ் இறங்கக்கூடாது.

குறைந்த எண்ணைக் கண்டவுடன் பற்றரியை வீசிவிட வேண்டாம். முதலில் முழுமையாகச் சார்ஜ் செய்து, ஓர் இரவு சும்மா வைத்து, மறுநாள் அளந்து பாருங்கள். 12.4இற்குக் கீழ் இறங்கியிருந்தால் அந்தப் பற்றரியின் காலம் முடிந்துவிட்டது. சார்ஜ் செய்யக் கொடுக்கும்போது மெதுவாகச் செய்யும்படி கேளுங்கள். 5 அம்பியர்-மணிப் பற்றரிக்கு அரை அம்பியரே போதும். லொறிப் பற்றரிகளுக்குக் கொடுக்கும் ஓட்டத்தைக் கொடுத்தால் சிறிய பற்றரி கெட்டுவிடும்.

நீர் ஊற்றும் பற்றரியாயின் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுங்கள். நமது கிணற்று நீரில், சிறப்பாகச் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரில், கரைந்துள்ள உப்புக்கள் பற்றரித் தகடுகளைக் கெடுத்துவிடும்.

4. இரண்டாம் பாடம்: சார்ஜ் ஏறுகின்றதா?

மீற்றரைப் பற்றரியிலேயே வைத்தபடி எஞ்சினை ஸ்ராட் செய்து, நடுத்தர வேகத்தில் முறுக்குங்கள். எண் 13.5இற்கும் 14.8இற்கும் இடையில் ஏறினால் சார்ஜ் ஒழுங்காக ஏறுகின்றது. சிறிய வண்டிகளில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது எண் அதிகம் ஏறாது. அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

முறுக்கியும் எண் ஏறாவிட்டால் சார்ஜ் வரவில்லை. புதிய பற்றரி போட்டாலும் அது இறங்கிவிடும். எண் 15ஐத் தாண்டினால் ரெகுலேற்றர் பழுதாகியுள்ளது. பற்றரி நீர் அடிக்கடி வற்றுவதும், பல்ப்புகள் அடுத்தடுத்து எரிந்துபோவதும் இதன் அறிகுறிகளாகும்.

5. மூன்றாம் பாடம்: சார்ஜ் வராவிட்டால்

செலவில்லாதவற்றை முதலில் பாருங்கள்.

(அ) பியூஸைக் கழற்றி, மீற்றரை 200 ஓமில் வைத்து இரு முனைகளையும் தொடுங்கள். நல்ல பியூஸ் ஏறக்குறைய பூச்சியம் காட்டும். முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டாலே மலிவான மீற்றர் 0.3 அல்லது 0.5 காட்டும், அது மீற்றர் வயர்களின் தடை. அதனைக் கழித்துக்கொள்ளுங்கள். தடை அளக்கும்போது அப்பகுதியில் மின்சாரம் இருக்கவே கூடாது.

(ஆ) ரெகுலேற்றருக்குப் போகும் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். வயற்சேறும் உப்புக் காற்றும் முனைகளைக் கறள் பிடிக்கச் செய்யும். எலி வயரைக் கடித்திருக்கும். முனை கருகி உருகியும் இருக்கலாம். பழைய பற்தூரிகையால் துப்புரவு செய்து இறுக்கி மாட்டுங்கள்.

(இ) மக்னெற் கொயிலிலிருந்து வரும் இணைப்பைக் கழற்றிவிட்டு, மீற்றரை ஆடலோட்டம் 200இல் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு அளவுங்கள். மூன்று மஞ்சள் வயர்கள் வந்தால், இவ்விரண்டாக மூன்று முறை அளக்க வேண்டும். மூன்று எண்களும் ஒத்திருந்து, முறுக்க முறுக்க ஏறவேண்டும். ஒரு சோடி மட்டும் குறைந்திருந்தால் கொயில் எரிந்துள்ளது. ஒரே வயர் வரும் வண்டியில் அந்த வயருக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே அளக்கலாம். முறுக்கும்போது இந்த அழுத்தம் உடலைத் தாக்கக்கூடிய அளவுக்கு ஏறும். ஆகவே மீற்றரின் உலோக முனைகளைக் கையால் தொடாதீர்கள்.

கொயிலிலிருந்து சரியாக வந்து, இணைப்புகளும் பியூஸும் பற்றரியும் நன்றாக இருந்து, சார்ஜ் மட்டும் ஏறவில்லையாயின் ரெகுலேற்றரைச் சந்தேகிக்கலாம்.

6. நான்காம் பாடம்: எர்த்

பற்றரியின் கழித்தல் முனையிலிருந்து பிரேமுக்கும் எஞ்சினுக்கும் போகும் வயர் தளர்ந்தால் பல விசித்திரமான பழுதுகள் தோன்றும். சிக்னல் போட்டால் பின்விளக்கு மினுங்கும். ஹோர்ண் அடித்தால் எல்லாம் மங்கும். கறுப்பு முனையைப் பற்றரியின் கழித்தல் முனையிலும், சிவப்பு முனையை எஞ்சின் உடலில் பூச்சு இல்லாத இடத்திலும் வைத்து, ஹோர்ணையும் பிரேக் விளக்கையும் இயக்குங்கள். 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் எர்த் வயரின் முனைகளைத் துப்புரவு செய்ய வேண்டும். பற்றரி முனையில் பூத்த வெண்பச்சைத் தூளை அப்பச்சோடா கலந்த சுடுநீரால் கழுவலாம். சோடா நீர் பற்றரிக்குள் போகாமற் பார்த்துக்கொள்ளுங்கள். உலர்ந்தபின் சிறிது வஸலீன் பூசுங்கள்.

7. ஐந்தாம் பாடம்: நிறுத்தி வைத்தாலும் இறங்கும் பற்றரி

சார்ஜ் ஒழுங்காக ஏறியும், இரண்டு நாள் நிறுத்தினால் பற்றரி இறங்குகின்றதா? எங்கோ மின்சாரம் கசிகின்றது. திறப்பை நிறுத்தி, பற்றரியின் கழித்தல் வயரைக் கழற்றுங்கள். மீற்றரின் சிவப்பு வயரை 10 அம்பியர் துளைக்கு மாற்றி, திருகியையும் 10 அம்பியரில் வையுங்கள். சிவப்பு முனையைக் கழற்றிய வயரிலும், கறுப்பு முனையைப் பற்றரியின் கழித்தல் முனையிலும் வையுங்கள். சாதாரண பழைய வண்டியில் ஏறக்குறைய பூச்சியமே வரவேண்டும்.

0.05 காட்டுகின்றது என்று வைத்துக்கொள்வோம். 5 அம்பியர்-மணிப் பற்றரியை 0.05ஆல் வகுத்தால் 100 மணித்தியாலம். நான்கே நாட்களில் நிறைந்த பற்றரி வெறுமையாகிவிடும். இப்போது ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது எண் பூச்சியமாகின்றதோ, கசிவு அங்கே உள்ளது. பின்னர் பூட்டிய மேலதிக விளக்குகளையும் ஹோர்ணையும் முதலில் சந்தேகியுங்கள்.

மீற்றர் இவ்வாறு இணைந்திருக்கும்போது ஸ்ராட் பொத்தானை அழுத்தக்கூடாது. வேலை முடிந்தவுடன் சிவப்பு வயரை நடுத்துளைக்கு மாற்றிவிடுங்கள். மாற்றாமல் அடுத்த முறை பற்றரியில் வைத்தால் பற்றரி குறுஞ்சுற்றாகி, தீப்பொறி பறக்கும், மீற்றரும் எரியும்.

8. மறக்கக்கூடாதவை

• பிளக்குக்குப் போகும் தடித்த வயரை ஒருபோதும் வோல்ற்று அளக்காதீர்கள். அங்கு பல ஆயிரம் வோல்ற்று உள்ளது.
• மலிவான மீற்றரால் வீட்டு 230 வோல்ற்று மின்சாரத்தை அளக்க வேண்டாம். அதன் காப்பு அதற்குப் போதாது.
• எஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றாதீர்கள்; ரெகுலேற்றரும் ஏனைய பகுதிகளும் கெடலாம்.
• பற்றரியைக் கழற்றும்போது கழித்தல் வயரை முதலிலும், பூட்டும்போது அதைக் கடைசியிலும் கையாளுங்கள்.
• பெற்றோல் கசியும் இடத்திலும், பற்றரி சார்ஜ் ஆகும் இடத்திலும் தீயும் புகைத்தலும் ஆகாது. அமிலம் தோலிலோ கண்ணிலோ பட்டால் நிறைய நீரால் கழுவுங்கள். கண்ணாயின் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

9. ஊருக்கு ஒரு மீற்றர்

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மீற்றர் தேவையில்லை. கமக்காரர் அமைப்போ, மாதர் சங்கமோ ஒன்றை வாங்கி, பத்துக் குடும்பங்கள் மாறி மாறிப் பயன்படுத்தலாம். வோல்ற்றுமானியையும் அம்பியர்மானியையும் நம் பிள்ளைகள் விஞ்ஞான பாடத்தில் கற்கிறார்கள். ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற பேதமின்றி அவர்களிடம் இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள்.

ஒரு கொப்பியில் வண்டியின் இலக்கம், திகதி, நிறுத்திய நிலையில் வோல்ற்று, ஹோர்ண் அடிக்கும்போது வோல்ற்று, முறுக்கும்போது வோல்ற்று என ஐந்து நிரல்கள் கீறி, மாதம் ஒரு முறை எழுதி வையுங்கள். சென்ற மாதம் 14.2 ஏறிய வண்டி இம்மாதம் 13.1இல் நின்றால், அது நடுவழியில் நிற்குமுன்பே நமக்குத் தெரிந்துவிடும். கராஜுக்குச் செல்ல நேர்ந்தாலும் "பற்றரி 12.5 உள்ளது, முறுக்கினாலும் ஏறவில்லை, கொயில் மூன்று சோடியும் சமம்" என்று சொல்லுங்கள். திருத்துபவருக்கு நேரம் மிச்சம். நமக்குத் தேவையற்ற பொருளின் விலை மிச்சம்.

கலந்துரையாடுவதற்கு

1. சென்ற ஓராண்டில் நமது குழுவில் எத்தனை பற்றரிகள் மாற்றப்பட்டன? அவற்றுள் எத்தனை, அளந்து பார்த்தபின் மாற்றப்பட்டன?
2. ஒரு வண்டியின் பற்றரி நிறுத்திய நிலையில் 12.1, முறுக்கும்போதும் 12.1. முதலில் எதைப் பார்ப்பீர்கள்? ஏன்?
3. மீற்றரை யார் பொறுப்பில் வைப்பது? பழுதானால் செலவை எவ்வாறு பகிர்வது?
4. அடுத்த கூட்டத்திற்கு வண்டி உள்ள ஒவ்வொருவரும் முதலிரு பாடங்களின் அளவுகளை எழுதிக்கொண்டு வாருங்கள்.