ஏரிக்கு ஒரு வேலைப்படகு

திருவாண்டார்கோயில் பக்கம் டிராக்டர் டிரெய்லர் கட்டும் பட்டறை வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: ஆகாயத்தாமரை அகற்ற, தூர் வார, வெள்ளத்தில் ஆட்களை மீட்க, மூன்றுக்கும் சேர்த்து ஒரே படகு கட்ட முடியுமா?

பின்லாந்தின் வாட்டர்மாஸ்டர் இயந்திரம் தோண்டும், சேற்றை உறிஞ்சும், களையும் வாரும். ஆனால் அது ஏறக்குறைய இருபது டன் சமாச்சாரம். கால்களைத் தரையில் ஊன்றி நின்றுதான் தோண்டுகிறது. உங்கள் பட்டறையில் உருவாகும் இரண்டு டன் படகில் பக்கெட்டைச் சேற்றில் இறக்கினால், சேறு மேலே வராது. படகுதான் அதை நோக்கிப் போகும். தூர் வாரும் ஆசையை விடுங்கள். நம் ஏரிகள் பல கோடையில் வற்றுபவை, அப்போது பொக்லைன் இறங்கினால் போதும்.

மீட்புப் பணியையும் கழித்துவிடுங்கள். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படித் தெருவில் தண்ணீர் ஓடும் நேரத்தில் அகலமான, மெதுவான களைப்படகு எந்தச் சந்திலும் நுழையாது. அதற்குச் சின்ன பைபர் படகுதான் சரி.

ஆக, களை. அடர்ந்த ஆகாயத்தாமரை ஒரு ஹெக்டேரில் 200 டன்னைத் தாண்டும். அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். நடைக்கு அரை டன் ஏற்றினால் 400 நடை. இதைக் கணக்குப் போடாமல்தான் பலர் படகில் பெரிய தொட்டி வைக்கிறார்கள். ஏற்றாதீர்கள், தள்ளுங்கள். முன்னால் ஏறி இறங்கும் பல்சட்டம் ஒன்று போதும். காற்று களையை எந்தக் கரையில் ஒதுக்குகிறதோ அங்கே பொக்லைனை நிறுத்தி, படகு கொண்டுவந்து சேர்ப்பதை அது அள்ளட்டும்.

இனி மிதவை. 60 செ.மீ. விட்டம், 6 மீட்டர் நீளம், 4 மி.மீ. தகடு என்று இரண்டு உருளை செய்தால், பாதி முங்கிய நிலையில் இரண்டும் சேர்ந்து 1.7 டன் தாங்கும். உருளைகளின் எடையே 700 கிலோவைத் தாண்டும். மிச்சம் ஒரு டன்னுக்குள் தளம், எஞ்சின், ஹைட்ராலிக் பம்ப், இரண்டு ஆள் எல்லாம் அடங்க வேண்டும். பத்தாது என்று தோன்றினால் விட்டத்தைக் கூட்டுங்கள். தகட்டை மெலிதாக்கினால் துரு முந்திக்கொள்ளும். ஒவ்வொரு உருளையையும் உள்ளே மூன்று அறையாகத் தடுத்துவிடுங்கள், ஓர் அறை ஓட்டையானாலும் படகு மூழ்காது.

மிதவைகளின் இடைவெளியை இரட்டித்தால் சாய்வைத் தாங்கும் பலம் கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். ஆனால் ஏரிக்கரைப் பாதையில் போக வண்டி அகலம் 2.5 மீட்டருக்குள் நிற்க வேண்டும். எனவே குறுக்குச் சட்டங்களைக் குழாய்க்குள் குழாயாகச் செய்து, தண்ணீரில் இறங்கியபின் விரித்து முள் போட்டுப் பூட்டுங்கள். நம் ஏரிகளில் படகு இறக்கச் சரிவுமேடை அநேகமாக இருக்காது. எந்தத் துண்டும் முக்கால் டன்னுக்கு மேல் போகாமல் பார்த்தால், கரையில் நிற்கும் இயந்திரமே தூக்கி இறக்கிவிடும்.

புரொப்பெல்லர் வேண்டாம், பத்து நிமிடத்தில் கொடி சுற்றிக்கொள்ளும். இரு பக்கமும் ஹைட்ராலிக் மோட்டாரில் சுழலும் துடுப்புச் சக்கரம் வையுங்கள். முழங்கால் ஆழத்திலும் ஓடும், ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் சுழற்றினால் நின்ற இடத்திலேயே திரும்பும்.

ஊசுட்டேரியில் வேலை என்றால் வனத்துறை அனுமதி முதலில். ஏரியின் புதுச்சேரிப் பகுதி 2008 முதல் பறவைகள் சரணாலயம். வலசைப் பறவைகள் தங்கும் அக்டோபர் முதல் மார்ச் வரை அங்கே வேலை கேட்காதீர்கள். ஹைட்ராலிக் எண்ணெய் தாவர எண்ணெய் வகையாக இருக்கட்டும். ஒரு ஹோஸ் பிய்ந்தால் போதும், ஏரியெங்கும் படலம் கட்டும்.

பம்ப், மோட்டார் வாங்கும் முன் வெறும் தளத்தோடு ஒரு குளத்தில் இறக்கிப் பாருங்கள். எஞ்சினுக்கும் ஆட்களுக்கும் ஈடாக 200 லிட்டர் டிரம்களில் தண்ணீர் நிரப்பி ஏற்றி, பிறகு இரண்டை ஒரே ஓரத்துக்கு நகர்த்துங்கள். அந்தப் பக்கத்து மிதவை முழுதாக முங்கினால், குறுக்குச் சட்டத்தை இன்னும் நீட்டிய பிறகே பம்புக்கு ஆர்டர் கொடுங்கள்.