அம்மா ஒருத்தி போதாது

"பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாம வீட்டுலயே வச்சிருக்கியாமே?" என்று ஓட்டப்பிடாரத்தில் யார் கேட்டாலும், நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "நம்ம ஊர் வ.உ.சி. முதல்ல யார்கிட்ட படிச்சாரு, சொல்லுங்க?"

1872இல் இந்த ஊரில் பிறந்த சிதம்பரம் பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் வீரப்பெருமாள் அண்ணாவி. பாட்டி சிவன் கதைகளையும், பாட்டனார் இராமாயணத்தையும் சொன்னார்கள். ஆங்கிலம் கற்பித்தவர் தாலுகா ஆபீசில் வேலை பார்த்த கிருஷ்ணன். தூத்துக்குடிப் பள்ளிகளுக்குப் போனது அதற்குப் பிறகுதான். ஒரே பிள்ளைக்கு நாலைந்து பேர் ஆளுக்கொன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டில் வைத்துப் படிக்கவைக்க நினைக்கும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். எல்லாவற்றையும் நீங்களே சொல்லித்தர முயலாதீர்கள். தெரிந்தவர்களைத் தேடிப் பிடியுங்கள். ஊரில் ஆள் இருக்கிறது; நாம்தான் கேட்பதில்லை.

என் மகளுக்கு 11 வயது, மகனுக்கு 8. எங்கள் வீட்டில் ஒரு வாரம் எப்படிப் போகிறது என்பதையும், அதில் நான் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

காலையில் இரண்டு மணி நேரம்

திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஏழரைக்கு உட்கார்ந்தால் ஒன்பதரைக்கு எழுந்துவிடுவோம். தமிழும் கணக்கும் மட்டும்தான். சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கு மேல் எங்கள் ஊர் வெயிலில் பெரியவர்களுக்கே புத்தி ஓடாது. பாடநூல் கழகத்தின் புத்தகங்களையே வைத்திருக்கிறோம். நாளைக்கே பள்ளியில் சேர வேண்டும் என்றாலும், தேர்வு எழுத வேண்டும் என்றாலும் அதுதான் கைகொடுக்கும்.

பள்ளிக்கூடத்தின் எட்டு பீரியடையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்புக்கு மணி அடித்தாக வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கு மணி எதற்கு? ஆனால் தினமும் கொஞ்சமாவது எழுத வைக்காமல் விடாதீர்கள். வாய்ப்பேச்சில் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும்; எழுதச் சொன்னால்தான் எது தெரியவில்லை என்பது வெளியே வரும். எங்கள் வீட்டில் ஒவ்வொருவருக்கும் தேதி போட்ட நோட்டு ஒன்று உண்டு. அன்றைக்குப் பார்த்தது, கேட்டது, செய்தது எல்லாம் நாலு வரியாவது அதில் ஏற வேண்டும்.

செவ்வாய்: வ.உ.சி. வீடு

வ.உ.சி. பிறந்த வீடு இப்போது நினைவு இல்லம். நூலகமும் இருக்கிறது. வரலாற்றை அங்கே தொடங்கினால் கணக்கு தானாகவே வந்து சேர்ந்துகொள்கிறது. சுதேசிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய், ஒரு பங்கு 25 ரூபாய் என்று மகளிடம் சொன்னேன். "அப்படின்னா 40,000 பங்கு" என்று வகுத்துச் சொல்லிவிட்டாள். அடுத்த கேள்வி அவளுடையது: "அப்போ 25 ரூபாய்க்கு என்னம்மா வாங்கலாம்?" அதற்கு விடை தேட ஆச்சி, தாத்தா, பழைய புத்தகம் என்று ஒரு வாரம் போனது.

கம்பெனி பதிவானது 1906 அக்டோபர் 16. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. ஒரே தேதி என்பதைக் கண்டுபிடித்தவன் சின்னவன். 107 வருஷம் என்று கழித்துச் சொன்னதும் அவன்தான். பாஞ்சாலங்குறிச்சி எங்களுக்குக் கூப்பிடு தூரம். அங்கே நிற்கும் கோட்டை 1974இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை, பழைய கோட்டையைக் கும்பினிப் படை இடித்துவிட்டது என்பதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எது பழசு, எது பிற்பாடு கட்டியது என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டாலே பாதி வரலாறு படித்த மாதிரி.

புதன்: தாத்தாவின் கரிசல்

புதன்கிழமை வாத்தியார் என் மாமனார். மானாவாரி நிலம், புரட்டாசியில் விதைத்து ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விளைவிப்பது. கோடையில் கரிசல் வெடித்துக் கிடக்கும்போது, வெடிப்புக்குள் குச்சியை விட்டு ஆழம் அளப்பது சின்னவனின் வேலை. மழை பெய்ததும் அதே இடத்தைத் தேடுவான், வெடிப்பு மூடியிருக்கும். களிமண் தண்ணீரைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும் என்பதை நான் புத்தகத்தைக் காட்டிச் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை.

விதைப்புக்கு முன் தாத்தா 100 உளுந்தை எண்ணி, ஈரச் சாக்கில் சுருட்டி வைக்கச் சொல்வார். சில நாளில் பிரித்து முளைத்ததை எண்ண வேண்டும். 84 முளைத்தால் 84 சதவீதம். "முளைப்பு குறைஞ்சா என்ன செய்யணும் தாத்தா?" "விதையைக் கூடப் போடணும், இல்லன்னா விதையை மாத்தணும்." சதவீதம் என்ற பாடத்தை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது.

வியாழன்: ஆங்கிலம்

என் ஆங்கிலம் வாசிக்கத் தாங்கும், பேசத் தாங்காது. அதனால் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியரிடம் கேட்டேன். "துட்டெல்லாம் வேண்டாம்மா, பிள்ளைங்க வரட்டும்" என்றார். சும்மா கிடைப்பதற்கு மதிப்புக் குறைந்துவிடும் என்பதால் எப்போதாவது கருப்பட்டியோ, நிலத்துப் பாசிப்பயறோ கொடுத்தனுப்புவேன். அவர் இலக்கணத்தில் தொடங்கவில்லை. ரயில் கால அட்டவணையில் தொடங்கினார். மணியாச்சியில் எந்த வண்டி எத்தனை மணிக்கு, எங்கே மாற வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று எல்லாம் ஆங்கிலத்தில். 1911 ஜூன் 17 அன்று ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்ட அதே மணியாச்சி என்பதால் கதைக்கும் பஞ்சமில்லை.

வெள்ளிக்கிழமை வீட்டு வேலைதான் பாடம். மளிகைச் சீட்டு எழுதுவது, மிச்சக் காசை எண்ணி வாங்குவது, இட்லிக்கு ஆட்டுவது எல்லாம் இருவருக்கும் பொது. ஆம்பளப் பிள்ளை என்று சின்னவனுக்குச் சலுகை கிடையாது.

சனி: உப்பும் கடலும்

சனிக்கிழமை என் கணவருக்கு விடுமுறை. அவர் பொறுப்பில் வெளியே போவோம். எங்களுக்குப் பிடித்த வகுப்பறை உப்பளம். நாட்டின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்துக்கு. பிள்ளைகள் அதைச் சமூக அறிவியலில் ஒரு வரியாகப் படித்துவிட்டுப் போகக் கூடாது என்று நினைத்தேன்.

கங்காணி அண்ணாச்சி ஒரு கண்ணாடிக் குழாயைப் பாத்தித் தண்ணீரில் மிதக்கவிட்டு டிகிரி பார்த்தார். கடல் தண்ணீர் மூன்று, மூன்றரை டிகிரிதான் இருக்கும். பாத்தி மாறி மாறி வெயிலில் வற்றி 25 டிகிரி வாக்கில் வந்தால்தான் உப்பு படியும். "தண்ணி தடிச்சா குழாய் ஏன் மேல வருது அண்ணாச்சி?" என்று மகள் கேட்டாள். "கிணத்துல நீந்துறது லேசா, கடல்ல நீந்துறது லேசா?" "கடல்ல." "அதேதான்" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அடர்த்தி, மிதப்பு என்று நான் அரை மணி நேரம் விளக்கியிருப்பேன்.

தருவைக்குளத்திலிருந்து ஒரு லிட்டர் கடல் தண்ணீர் கொண்டுவந்து தட்டட்டியில் எவர்சில்வர் தட்டுகளில் காயவைத்தோம். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் இருக்கும். முதலில் தட்டில் வெள்ளையாக ஒட்டியது சமையல் உப்பு இல்லை, ஜிப்சம். அப்புறம்தான் சதுரச் சதுரமாகக் கல்லுப்பு. கடைசியில் காயாமல் நின்ற துளி நீரைச் சின்னவன் தொட்டு நக்கிவிட்டு முகத்தைச் சுளித்தான்; மக்னீசியத்தின் கசப்பு. மழைக்காலத்தில் உப்பளம் ஓயும். அப்போது எங்கள் சனிக்கிழமையும் கரிசலுக்கு மாறிவிடும். பாடத்திட்டத்தைப் பருவத்தோடு சேர்த்துப் போடுங்கள். பாதிச் சிரமம் குறையும்.

வேப்பலோடைப் பக்கம் போனால் முத்துக் கதை. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் 1973இல் சிப்பிக்குள் மணியை வைத்து வளர்ப்பு முத்து எடுத்தது இந்த வேப்பலோடையில்தான்.

ஞாயிறு, மற்றும் எல்லா மாலையும்

பாடம் கிடையாது. நாலரைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் தெருப் பிள்ளைகளோடு விளையாட்டு. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு வெயிலும் சண்டையும் சமாதானமும் தெருவில்தான் கிடைக்கும். இந்த நேரத்தில் எந்த வகுப்பையும் வைக்காதீர்கள்.

காகித வேலைகள்

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 என்பது 6 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்கானது. அதில் வீட்டுக்கல்விக்கென்று தனிப் பிரிவு இல்லை. ஆனால் நடுவில் பள்ளிக்குத் திரும்ப நினைக்கும் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க அதில் வழி இருக்கிறது. அந்தக் கதவு திறந்திருப்பது பெரிய தைரியம். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத 12½ வயதும், பத்தாம் வகுப்புக்கு 14½ வயதும் ஆகியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு அறிவியலுக்குச் செய்முறைப் பயிற்சியும் உண்டு. அறிவிப்பு வரும்போது தவறவிட்டால் ஒரு வருஷம் போய்விடும். தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயதில் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதலாம். பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் மூன்றிலும் பெயரும் எழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

கடைசியாக ஒன்று

இதைப் படித்துவிட்டு உடனே பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடாதீர்கள். பகலில் வீட்டில் ஒரு பெரியவர் இருக்க முடிகிற, ஒரு சம்பளத்தில் ஓடக்கூடிய, தாத்தாவும் ஆச்சியும் பக்கத்தில் உள்ள குடும்பத்துக்கே இது சரிப்படும். விடியுமுன் பேட்டரி லைட்டோடு உப்பளத்துக்குப் போகும் அப்பா அம்மாவின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்தான் படிப்பு, சோறு, பாதுகாப்பு எல்லாம். காமராசர் 1956இல் மதிய உணவைத் தொடங்கிவைத்த எட்டயபுரம் எங்களுக்குப் பக்கத்து ஊர். அந்தச் சோறு எத்தனை பேரைப் படிக்கவைத்தது என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

உங்கள் பிள்ளை பள்ளிக்கே போகட்டும். சனிக்கிழமை ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் ஏதாவது ஒரு வேலையை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் பிள்ளையைக் கூட்டிப்போய், "இவளுக்குக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேளுங்கள். நான் கேட்டவர்களில் முடியாது என்று சொன்னவர்கள் மிகக் குறைவு.