வினைத்தூய்மை

நுழையும்முன்

நிரல் எழுதக் கற்பது திறன். எழுதிய நிரலால் யாருக்கு என்ன நேரும் என்று எண்ணிப் பார்ப்பது பொறுப்பு. திறனுக்கு மதிப்பெண் உண்டு. பொறுப்புக்குத் தேர்வுத்தாள் இல்லை. கணினித்துறைக்குச் செல்ல விரும்பும் மாணவர், பணியில் சேரும் முன்பே தெளிந்துகொள்ள வேண்டிய அறம் ஒன்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையைக் கடந்தால் திருப்பெரும்புதூர் வரும். அங்கிருந்து சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் திரும்பினால் ஒரகடத்தை அடையலாம். ஏரிப்பாசன வயல்கள் நிறைந்திருந்த இப்பகுதி, இன்று நாட்டின் முதன்மையான வாகன உற்பத்தி மையங்களுள் ஒன்று. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ – நிசான் ஆலை திறக்கப்பட்டது.

இங்கே உருவாகும் ஒவ்வொரு காருக்குள்ளும் இரும்பும் கண்ணாடியும் மட்டுமன்றி, கண்ணுக்குப் புலப்படாத நிரல்களும் இருக்கின்றன. எரிபொருளை எவ்வளவு செலுத்துவது, காற்றுப்பையை எப்போது விரிப்பது என்பனவற்றை அவையே முடிவு செய்கின்றன.

ஒரகடத்தில் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் அமைந்துள்ளது. நீண்ட ஓடுபாதைகளும் மோதல் சோதனைக்கூடமும் அங்கு உண்டு. சோதனைக் களத்தில் நடந்துகொள்வது போலவே சாலையிலும் வாகனம் நடந்துகொள்ளும் என்னும் நம்பிக்கையே சோதனைகளுக்குப் பொருள் தருகிறது. வேறொரு நாட்டில் அந்நம்பிக்கையை ஒரு நிரல் உடைத்தது.

சோதனையை அறிந்த நிரல்

ஜெர்மனியைச் சேர்ந்த ஃபோக்ஸ்வேகன் நிறுவனம், தூய்மையான டீசல் கார்கள் என்று விளம்பரம் செய்து அமெரிக்காவில் தன் கார்களை விற்றது. டீசல் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள் மூச்சுக்குழாயைப் பாதிப்பவை. ஆஸ்துமா நோயாளிகளை மேலும் துன்புறுத்துபவை. எனவே, அவற்றிற்கு அமெரிக்கச் சட்டம் கடுமையான வரம்பு விதித்திருந்தது. வாடிக்கையாளர் விரும்பும் வகையிலும் வரம்புக்கு உட்பட்டும் இயந்திரத்தை வடிவமைக்கப் பொறியாளர்களால் இயலவில்லை. இயலவில்லை என்று கூறுவதற்கு மாறாக, அவர்கள் ஒரு நிரலை எழுதினர்.

புகைச் சோதனையின்போது காரை உருளைகளின் மேல் நிறுத்தி ஓட்டுவர். சக்கரங்கள் சுழலும், திசைமாற்றி திரும்பாது. வேகமும் நேரமும் வரையறுக்கப்பட்ட முறையில் அமையும். திசைமாற்றியின் நிலை, வேகம், இயந்திரம் ஓடிய நேரம், காற்றழுத்தம் ஆகியவற்றைக் கொண்டு, தான் சோதிக்கப்படுவதை அந்நிரல் கண்டுகொண்டது. சோதனை எனில் புகைக் கட்டுப்பாட்டை முழுமையாக இயக்கியது; சாலை எனில் தளர்த்தியது. நிரலில் பிழை இல்லை. எழுதியவர் எண்ணியதை அது பிசகாமல் செய்தது. பிழை எண்ணத்தில் இருந்தது.

சாலையில் வெளிப்பட்ட உண்மை

2013இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வுக்குழு ஒன்று, டீசல் கார்களைச் சாலையிலேயே ஓட்டிப் புகையை அளந்தது. டான் கார்டர் தலைமையிலான அக்குழுவில் அர்விந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா, மார்க் பெஷ் ஆகியோர் இடம்பெற்றிருந்தனர். காரின் பின்பகுதியில் அளவுக்கருவிகளை ஏற்றி, கலிபோர்னியச் சாலைகளில் பயணம் செய்தனர். ஒரு ஃபோக்ஸ்வேகன் காரின் புகை வரம்பைப் போல் 15 முதல் 35 மடங்கும், மற்றொன்றின் புகை 5 முதல் 20 மடங்கும் இருந்தது. யாரையும் குற்றவாளியாக்கும் நோக்கம் அவர்களுக்கு இல்லை. அளந்ததை அளந்தவாறே பதிவுசெய்து, 2014இல் வெளியிட்டனர்.

2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இம்மோசடியை அறிவித்தது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் வாகனங்களில் அம்மென்பொருள் இருந்ததை நிறுவனம் ஒப்புக்கொண்டது. இந்தியாவிலும் புணேயிலுள்ள இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைகளைத் தொடர்ந்து, சுமார் 3.23 லட்சம் கார்களைத் திரும்பப் பெற்று மென்பொருளைத் திருத்துவதாக 2015 டிசம்பரில் அந்நிறுவனம் அறிவித்தது.

கட்டளையும் பொறுப்பும்

இவ்வழக்கில் ஜேம்ஸ் லியாங் என்னும் பொறியாளருக்கு 2017இல் 40 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இத்திட்டத்தின் மூளை அவரல்லர், நிறுவனத்தின்மீது கொண்ட பற்றினால் சொன்னதைச் செய்தவர் என்று அவர் தரப்பில் வாதிடப்பட்டது. எனினும், அவர் தண்டனையிலிருந்து தப்பவில்லை.

மேலதிகாரி சொன்னார், செய்தேன் என்னும் விடை ஏன் போதுமானதன்று? நிரலின் உட்பொருளை அறிந்தவர் அதை எழுதியவரே. காரை வாங்குபவர் அதைப் படிக்க முடியாது. அக்காரின் புகையைச் சுவாசிக்கும் குழந்தை அதைப் பற்றிக் கேள்விப்படவும் வாய்ப்பில்லை. அறிந்தவர் மௌனம் காத்தால், அறியாதவருக்குக் காவல் இல்லை.

வள்ளுவர் வகுத்த வரிசை

திருக்குறளில் அமைச்சரைப் பற்றிப் பேசும் பகுதியில் வினைத்தூய்மை 66ஆம் அதிகாரமாகவும், வினைத்திட்பம் 67ஆம் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. செயலை முடிக்கும் உறுதிக்கு முன்னே செயலின் தூய்மை வைக்கப்பட்டுள்ளது. அமைச்சர், அரசனுக்குக் கீழ்ப் பணியாற்றுபவர். ஆகவே, இவ்வறம் ஆணையிடுபவருக்கு மட்டும் உரியதன்று. ஆணையை ஏற்றுச் செய்பவருக்கும் உரியது.

இதே வரிசையை நம் காலத்திலும் காண்கிறோம். ஏசிஎம் என்னும் கணினியியல் அமைப்பும் ஐஇஇஇ கணினிச் சங்கமும் இணைந்து 1999இல் மென்பொருள் பொறியாளருக்கான அறநெறித் தொகுப்பை ஏற்றன. அதன் எட்டு நெறிகளுள் முதலாவது பொதுமக்கள் நலன். பணியளிப்பவர் நலன் அதற்கு அடுத்ததே.

இதனைப் பின்பற்றுவது எளிதன்று. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக்கடன் இருக்கும். அவருடைய ஊதியத்தை எதிர்பார்த்து ஒரு குடும்பம் காத்திருக்கும். வறுமையும் இதற்கு விலக்காகாது என்பதே வள்ளுவர் முடிவு. ஆயினும், மறுப்பதும் வேலையை உதறுவதும் மட்டுமே வழிகள் அல்ல. இந்நிரல் எதற்கு என்று முதலில் கேட்கலாம். ஐயத்தை எழுத்தில் பதிவு செய்யலாம். உடன் பணிபுரிவோரையும் மூத்தவர்களையும் கலந்து பேசலாம். செய்யாத சோதனையைச் செய்ததாகக் கையொப்பமிட மறுக்கலாம். தொடக்கத்திலேயே ஒருவர் எழுப்பும் கேள்வி, பின்னர் பலரைப் பெருங்கேட்டிலிருந்து காக்கும்.

பதிவேட்டில் தொடங்கும் பழக்கம்

கணினி ஆய்வகத்தில் நிரலை இயக்காமலே, நண்பரின் செய்முறைப் பதிவேட்டைப் பார்த்து வெளியீட்டை எழுதிவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. ஆசிரியர் பார்க்கும் பக்கம் சரியாக இருக்கிறது. கணினியில் நிரல் ஓடவில்லை. சோதனைக்கூடத்தில் ஒருவிதமாகவும் சாலையில் வேறுவிதமாகவும் நடந்த காருக்கும் இப்பதிவேட்டுக்கும் அளவில்தான் வேறுபாடு. நிரல் ஓடவில்லை எனில், ஓடவில்லை என்றே எழுதி ஆசிரியரிடம் காட்டுவோம். அதனால் ஒரு மதிப்பெண் குறையலாம். ஆனால், இயலவில்லை என்று சொல்லும் துணிவு அன்றே கைவந்துவிடும். அத்துணிவு இல்லாமற்போன இடத்தில்தான் அந்த நிரல் பிறந்தது.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் கருவி ஒன்றைத் தேர்ந்தெடுக்க. அதிலுள்ள நிரல் தவறினால் யார் யார் பாதிக்கப்படுவர் எனப் பட்டியலிடுக.
2. ‘சொன்னதைச் செய்பவருக்குப் பொறுப்பு உண்டா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
3. ‘நிரலில் பிழை இல்லை, பிழை எண்ணத்தில் இருந்தது’ – இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.
4. செய்யாத சோதனையைச் செய்ததாகப் பதிவு செய்யும்படி மேலாளர் கூறுகிறார். பணிவும் உறுதியும் அமைய அவருக்கு ஒரு கடிதம் எழுதுக.