வால்வு ஹைபிரிட்டா, டிரான்சிஸ்டரா? ஆம்ப்ளிஃபயர் வாங்கும் அன்பர்களுக்கு

மூட்டையில் குத்தூசி போட்டு, உள்ளங்கையில் கொட்டி, நொய் எவ்வளவு, பழுப்பு எவ்வளவு என்று பார்க்காமல் நாம் அரிசி எடுப்பதில்லை. அதே நாம், வீட்டில் பாட்டுக் கேட்க ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போனால், முன்பக்கம் எரியும் விளக்கைப் பார்த்து மயங்கிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறோம். இப்போது ‘ஹைபிரிட் வால்வு’ என்ற பெயரில் கண்ணாடிக் குழல் வைத்த பெட்டிகள் நிறைய வருகின்றன. அங்கத்தினர் சிலர் விவரம் கேட்டதால் இந்தப் பாடம்.

வால்வு நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1939-இல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கிய காலத்தில் ரேடியோ என்றாலே வால்வு ரேடியோதான். ஸ்விட்சைப் போட்டு அரை நிமிஷம் காத்திருந்தால்தான் சத்தம் வரும். திருவையாறு ஆராதனையை அப்படிக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் இன்னும் உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1947-இல் பிறந்த டிரான்சிஸ்டர் இங்கே வந்து சேர்ந்த பிறகு வால்வு மெல்ல ஒதுங்கியது.

முழு வால்வு ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கரை ஓட்டுவதும் வால்வுதான். அதற்குக் கனமான அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். விலையும் எடையும் அதில்தான் ஏறுகின்றன. ஈ.எல்.34 வால்வு நான்கு போட்ட பெட்டியில், உள்ளிருக்கும் இழையைச் சூடாக்க மட்டும் 38 வாட் போய்விடும், பாட்டே பாடாவிட்டாலும். ஹைபிரிட்டில் முன் பகுதியில் மட்டும் ஒன்றிரண்டு சிறு வால்வுகள். பின்னால் ஸ்பீக்கரை ஓட்டுவது டிரான்சிஸ்டர். மூன்றாவது வகையில் எல்லாமே டிரான்சிஸ்டர், அல்லது சிறு சிப்.

வால்வுச் சத்தம் ‘இதமாக’ இருக்கிறது என்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. எந்த ஆம்ப்ளிஃபயரும் கொடுத்த ஒலியோடு தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். வால்வு சேர்ப்பது பெரும்பாலும் இரண்டாம் மடங்கு ஒலி. சட்ஜம் பாடினால் அது மேல் சட்ஜம், காதுக்கு உறுத்தாது. திணறும்போதும் வால்வு மெதுவாகத் திணறும். டிரான்சிஸ்டர் தன் எல்லைக்கு வந்ததும் ஒலியை வெட்டிவிடும். அப்போது எழும் ஒலிகள் சுருதியோடு சேராதவை, கரகரப்பாகக் கேட்கும்.

ஆனால் இங்கே ஒரு விஷயத்தைக் கடைக்காரர் சொல்லமாட்டார். ஹைபிரிட்டில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் முதலில் திணறுவது பின்னால் இருக்கும் டிரான்சிஸ்டர் பகுதிதான். ஆகவே அந்த மெதுவான திணறல் ஹைபிரிட்டில் கிடைக்காது. கிடைப்பதெல்லாம் முன் வால்வு சேர்க்கும் சிறிய இதம் மட்டும். திறமையாகச் செய்த ஹைபிரிட்டில் அதுவும் மிகக் குறைவு. ஒரே சத்த அளவில், திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டால், நல்ல டிரான்சிஸ்டரிலிருந்து அதைப் பிரித்தறிவது கஷ்டம். ‘ஒரே சத்த அளவில்’ என்பதைக் கவனிக்கவும். கொஞ்சம் கூடுதல் சத்தத்தில் ஓடுவது எப்போதும் நன்றாக இருப்பதாகத் தோன்றும். விற்பவர் கை வால்யூம் குமிழில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

வால்வு உண்மையில் வேலை செய்கிறதா என்பதுதான் அடுத்த சோதனை. எங்கள் குடும்பத்தில் ஒருவர் ஆசையாக வாங்கிய பெட்டியைப் பிறகு மெக்கானிக் திறந்தபோது, வால்வுக்கு இழையைச் சூடாக்கும் ஒயர் மட்டுமே போயிருந்தது. பாட்டு அந்தப் பக்கமே போகவில்லை. அரிசியில் கல் கலந்தவனை நாம் என்ன சொல்வோம்? வால்வின் இழை மங்கிய ஆரஞ்சு நிறத்தில், நடுவில் மட்டும் ஒளிரும். குழல் முழுவதும் அடியிலிருந்து பளிச்சென்று எரிந்தால் அது எல்.இ.டி. விளக்கு. ஸ்விட்சைப் போட்ட உடனே பாட்டு வந்தாலும் சந்தேகப்படலாம், சூடேற நேரம் வேண்டுமே. வால்யூமைக் கொஞ்சம் வைத்து, பென்சிலால் குழலை மெதுவாகத் தட்டினால் ஸ்பீக்கரில் ‘டிங்’ என்று லேசாகக் கேட்பது நல்ல அடையாளம். வால்வைப் பிடுங்கிப் பார்க்கிறேன் என்று நீங்கள் இறங்கவேண்டாம். ஒழுங்கான வால்வுப் பெட்டிக்குள் 200, 300 வோல்ட் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சற்று நேரம் கண்டன்சரில் தங்கியிருக்கும்.

நம் டெல்டாவின் கரண்ட் வேறு கதை. மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தாலும் திறக்காவிட்டாலும் குறுவைக்கு பம்புசெட் ஓடத்தான் செய்யும். கிராமத்து லைனில் 230 வோல்ட் 180-க்கு இறங்கினால், 6.3 வோல்ட் வேண்டிய வால்வு இழைக்கு 5 கூடக் கிடைக்காது. பல நாள் அப்படி ஓடினால் வால்வின் ஆயுள் போகும். இழைக்குத் தனி ரெகுலேட்டர் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஸ்டெபிலைசர் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். மாடியில் வீடு, கீழே அரிசிக் கடை என்று இருப்பவர்கள் தவிட்டுத் தூசியையும் மறக்கவேண்டாம். சூடான பெட்டிக்குக் காற்றுத் துளை வேண்டும்; அந்தத் துளை வழியாகத் தூசியும் போகும், பல்லியும் போகும்.

வாட் கணக்குக்கு வருவோம். அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. வாட், சாக்கையும் கல்லையும் சேர்த்துப் போட்ட எடை மாதிரி. ஆர்.எம்.எஸ். வாட்தான் நிகர எடை. 40 வாட்டை 80 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்கு ஒரு சிறு படி. சாதாரணக் கூடத்தில், 90 டெசிபல் ஸ்பீக்கர் வைத்து நிதானமாகக் கேட்க ஒரு வாட் போதும். மிச்சமெல்லாம் தவில் அடிக்கும் கணத்துக்கான இருப்பு. அதனால் ஆம்ப்ளிஃபயரில் குறைத்து, அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போடுவதே எங்கள் யோசனை. இராஜரத்தினம் பிள்ளை காலத்து இசைத்தட்டுகளைக் கேட்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். பழைய பதிவில் இல்லாத நயத்தை எந்தக் குழலும் கொண்டுவந்து சேர்க்காது.

உதிரிச் சரக்கும் பார்க்கவேண்டும். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் வால்வு செய்தது. இன்று புது வால்வு பெரும்பாலும் சீனா, ரஷ்யா, ஸ்லோவாக்கியாவிலிருந்து வருகிறது. 2022-இல் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தியபோது உலகெங்கும் தட்டுப்பாடு வந்தது. டிரான்சிஸ்டர் பெட்டி கெட்டால் பார்க்கத் தஞ்சையிலேயே ஆள் உண்டு. வால்வுக்குச் சென்னை ரிச்சி தெருவரை போகவேண்டியிருக்கலாம்.

இரவில் கடை கட்டிய பிறகு, மெல்லிய சத்தத்தில் வாய்ப்பாட்டுக் கேட்பவர், அந்த மங்கிய வெளிச்சமும் பிடிக்கும் என்றால் நேர்மையான ஹைபிரிட் வாங்கட்டும், தவறில்லை. மற்றவர்களுக்கு டிரான்சிஸ்டரே போதும். எதை வாங்கினாலும் பில்லில் மாடல் பெயர், ஆர்.எம்.எஸ். வாட், வால்வு எண் மூன்றையும் எழுதி வாங்குங்கள். வாரண்டி வால்வுக்கும் உண்டா என்று அப்போதே கேளுங்கள். பல இடங்களில் பெட்டிக்கு மட்டும்தான் தருகிறார்கள்.